மருமகனுக்கு ஒரு வாசல்

ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே, ஓர் ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி எழுந்த பழங்குடி ஊர் மல்கா போர். அங்கே கல்லூரிக் கட்டிடம் வருகிறது என்றபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. வருகிறது வருகிறது என்று சொல்லி வராமலே போனவற்றில் நீச்சல் குளம், தார் ரோடு, பல் டாக்டர் எல்லாம் உண்டு. கொராலி மட்டும் விடவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வெகுகாலமாக உதவி ஆசிரியை, வாய் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். பழங்குடிகளின் சமூகக் கல்லூரிக்குத் தலைமை அலுவலகம் ஆலிஸ் நகரத்தில் இருந்தது. அங்கே போய் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊரில் ஒரு கற்றல் மையம் கட்டித் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அவளை எழுப்புவதைவிடக் கட்டிடம் கட்டுவது சுலபம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவளுக்குக் காரணம் இருந்தது. ஒரே மகன் வெல்டிங் படிக்க ஆலிஸுக்குப் போனான். விடுதி, குடி, ஒரு லாரி. பெட்டியில் திரும்பி வந்தான். மிச்சம் இருப்பது மகள் ரோவீனாவும் அவளுடைய மூன்று பிள்ளைகளும். படிப்பு என்ற பெயரில் இவர்களில் ஒருவரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான் கொராலி கேட்டது.

ரோவீனாவின் புருஷன் டெஸ்மண்ட். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை கொராலி அவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அவனும் அப்படித்தான். அந்த மக்களின் முறைப்படி மாமியாரும் மருமகனும் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது, ஒருவர் பெயரை ஒருவர் சொல்லக் கூடாது, ஒரே வாசலில் புழங்கக் கூடாது. பகை எதுவும் கிடையாது, மரியாதை. கடைக்குள் அவன் இருந்தால் அவள் வெளியே நிற்பாள். அவள் நடந்து வருவது தெரிந்தால் அவன் டொயோட்டாவைப் புதருக்குள் திருப்பிவிடுவான். வேட்டைக்குப் போய் வந்தால் கங்காருவின் வால் முதலில் அவளுக்குத்தான் வரும், மகள் கையால். இதைவிட நல்ல மருமகன் யாருக்கும் வாய்த்ததில்லை என்று கொராலி ஊரெல்லாம் சொல்வாள், பெயரைச் சொல்லாமல்.

கட்டிட வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஆலிஸிலிருந்து ஓர் ஆள் வந்தான். காலையில் பெண்களிடம் காட்டினான், மதியம் ஆண்களிடம். ஒரே பெரிய அறை, வடக்கே ஒரு வாசல். கொராலிதான் அங்கே பாடம் நடத்தப் போகிறவள். டெஸ்மண்ட்தான் படிக்கப் பெயர் கொடுத்த முதல் ஆள். கொத்து வேலையில் கெட்டிக்காரன், எழுத்துக் கூட்டத் தெரியாததால் சான்றிதழ் இல்லாமல் சிற்றாள் சம்பளம் வாங்குகிறவன். அறைக்குள் நடுவே ஒரு தட்டி, ஆளுக்கொரு வாசல் இருந்தால் முறை கெடாமல் நடத்திவிடலாம். இது ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் யார் சொல்வது? கொராலி வாயைத் திறந்தால் அந்நியன் முன்னால் மருமகனைச் சுட்டிக் காட்டியதாகிவிடும். மற்ற பெண்கள், ஆண்கள் சொல்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஆண்கள், பெண்கள் காலையிலேயே சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். வேறு ஏதாவது உண்டா என்று அவன் இரண்டு கூட்டத்திலும் கேட்டான். ரொம்ப நல்லா இருக்கு என்று இரண்டு கூட்டமும் சொன்னது.

சுவர் தலை உயரத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

"ஏம்மா, ஒத்த வாசல்தான் வெச்சிருக்கான்," என்றாள் ரோவீனா.

"ஆம்பளைங்க சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்டி."

"அவங்க நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சாங்களாம். ஊருக்கெல்லாம் வாயடிப்பே, இதுக்கு மட்டும் வாய் அடைச்சுப் போச்சா?"

"ஒரு வெள்ளக்காரன் முன்னாடி நின்னு, இது என் மருமகன் வர்ற வழின்னு கை காட்டச் சொல்றியா?"

காண்ட்ராக்டர் கார்லிடம் ஆள் விட்டுக் கேட்டார்கள். பிளானில் இல்லாத வாசலை வைக்க முடியாது, ஆலிஸிலிருந்து ஒப்புதல் வரட்டும் என்றான். ஒப்புதல் வருவதற்குள் கூரை ஏறிவிடும் என்பது அவனுக்கும் தெரியும்.

ஒரு வாரம் கழித்து ரோவீனா வந்தாள். உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். "அவரு ஆலிஸ்ல போய்ப் படிக்கிறேங்கிறாரு. போனா எல்லாரும்தான் போகணும்."

கொராலி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாடம் நடத்தல. வேற யாராவது நடத்தட்டும். அவங்க இங்கயே படிக்கட்டும்."

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன். அந்தம்மா கட்டினது, அந்தம்மாவ வெளிய நிறுத்திட்டு நான் உள்ள உக்காந்தா நான் மனுசனாங்கிறாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஃபுட்டி கால்பந்து இறுதி ஆட்டம். ஓடுகிற வண்டிகள் எல்லாம் போயின, நர்ஸும் முதலுதவிக்காகக் கூடவே போய்விட்டாள். கார்ல் ஆலிஸுக்குப் போயிருந்தான். முழங்கால் வலி என்று கொராலி மட்டும் தங்கிவிட்டாள். டெஸ்மண்ட் தங்கியது அவளுக்குத் தெரியாது, அவள் தங்கியது அவனுக்கும் தெரியாது.

அவன் மேற்குச் சுவரில் கல்லை உருவிப் புதிதாக ஒரு வாசல் திறந்துகொண்டிருந்தான். யார் ஒப்புதலும் கேட்காமல், யாரும் இல்லாத நாளாகப் பார்த்து, மாமியாருக்காக. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியிருந்தார்களே தவிர உள்ளே கம்பி விட்டு கான்கிரீட் ஊற்றவில்லை. கீழே கல்லை உருவினால் மேலே நிற்காது என்று அவனுக்குத் தெரியாதா? முட்டுக் கொடுத்துத்தான் உருவினான். ஒரு முட்டு வழுக்கிவிட்டது.

சத்தம் கேட்டு, நாய்கள் எதையோ தள்ளிவிட்டன என்று திட்டிக்கொண்டே கொராலி போனாள். தூசி அடங்கியதும் இரண்டு பூட்ஸ் தெரிந்தது. யாருடைய பூட்ஸ் என்று பார்த்த கணமே அவள் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்படியே ஓடினாள், முழங்கால் வலியோடு, வேறு யாரையாவது தேடி. வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கடை பூட்டியிருந்தது. கிளினிக் பூட்டியிருந்தது. ஒரு மனிதர் கிடைத்தால் போதும், எந்த மனிதராக இருந்தாலும், தன்னைத் தவிர. கிடைக்கவில்லை. அவசர எண்ணை அழுத்திக்கொண்டே திரும்பி வந்தாள். அதற்குள் மண் ரத்தத்தில் நனைந்திருந்தது.

இடது கால் கல்லுக்கடியில் நசுங்கியிருக்க, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தான். அவனுடைய நாய் பிஸ்கட் பக்கத்தில் நின்று முனகியது.

"நாயே," என்றான் தொப்பிக்குள்ளிருந்து, "அந்தம்மாவ அந்தாண்ட போகச் சொல்லு."

"பிஸ்கட், உங்கய்யாகிட்ட சொல்லு, ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் ஆட்டம் பாக்கப் போயாச்சு."

"நாயே, எனக்கு வெக்கமா இருக்குன்னு சொல்லு."

"எனக்கு மட்டும் சந்தோசமா இருக்கா? மொதல்ல ரத்தம் நிக்கட்டும், அப்புறமா ரெண்டு பேரும் சேந்து வெக்கப்படலாம்னு சொல்லு."

தொப்பி அசைந்தது. சிரித்தானோ, வலியோ தெரியவில்லை. ஃபோனில் எங்கோ தொலைவில் ஒரு டாக்டர், காயத்துக்கு மேலே தொடையை இறுக்கிக் கட்டுங்கள் என்றார், நர்ஸுக்கும் ஆம்புலன்ஸ் விமானத்துக்கும் சொல்லியாயிற்று என்றார். கொராலி மருமகனுடைய இடுப்பு பெல்ட்டைத் தன் கையால் உருவினாள். அவன் தொடையைத் தொட்டாள். இறுக்கினாள். உடம்பெல்லாம் கூசியது, அருவருப்பில்லை, ஆனால் அதைவிட மோசம். கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் இறுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் தொப்பிக்குள்ளிருந்து பதில் வருவது நின்றுவிட்டது.

"தூங்க விடாதீங்க," என்றார் டாக்டர். "பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"என்னால முடியாது."

"பேர் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப கூப்பிடுங்கம்மா!"

அவள் தொப்பியை எடுத்தாள். முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று வாலிபனாக இருந்தவன், காதோரம் நரைத்திருந்தான். "டெஸ்மண்ட்," என்றாள். முதலில் குரல் வரவில்லை. பிறகு கத்தினாள். "டெஸ்மண்ட்! டேய் டெஸ்மண்ட்! கண்ணத் தொறடா!" அவன் ஒரு தடவை கண்ணைத் திறந்தான், அவளைப் பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான். நர்ஸின் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவள் அந்தப் பெயரை விடவில்லை. சத்தம் கேட்டதும் தொப்பியைத் திரும்ப அவன் முகத்தில் வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். புழுதியால் கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

உயிர் பிழைத்தான். இடது காலை எடுத்துவிட்டார்கள்.

ரோவீனா அவனுடன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தாள். ஒருநாள் ஃபோன் வந்தது.

"அம்மா, சாப்பிட மாட்டேங்கிறாரு. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, தொட்டாங்கன்னு சொல்றாரு. அந்தம்மாவான்னு கேக்கறாரு. அது நெசம்னா இந்த ஜென்மத்துக்கு மல்கா போர்ல கால் வைக்க மாட்டாராம். பிள்ளைங்களுக்கு இங்கயே ஸ்கூல் பாக்கச் சொல்றாரு."

"என்மேல கோவமா?"

"கோவம்னா நான் பேசித் தீத்துருவேனே. வெக்கம்மா. நீ இருக்கிற ஊர்ல எப்படித் தலைகாட்டுவாரு?"

கொராலி ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீ இல்லன்னு சொல்லிடும்மா. பாக்கறதுக்கு அங்க வேற யாரு இருந்தா? பெல்ட்ட அவரே கட்டிக்கிட்டாரு, பேரு ஏதோ மயக்கத்துல கேட்டுச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீ இல்லன்னு மட்டும் சொல்லு."

"அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேனாம்?"

 பதிலையும் கொராலியே சொன்னாள்: "சரி. நான் கிட்ட போகல. முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். அப்படியே சொல்லிடு."

ஃபோனை வைத்தாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது என்பதுதான் அவளைத் தின்றது. முதலில் திரும்பிக்கொண்டு நின்றாளே, வீடு வீடாகக் கதவைத் தட்டினாளே, அந்த நேரம்.

சுவரைக் கார்ல் திரும்பக் கட்டினான். விபத்துக்குப் பிறகு ஆலிஸிலிருந்து ஒப்புதல் பறந்து வந்தது, மேற்கிலும் ஒரு வாசல் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ரோவீனாவும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். டெஸ்மண்ட் ஊன்றுகோலுடன் வந்தான். அதைக் கொராலி பார்க்கவில்லை. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, மண்ணில் ஊன்றுகோல் பதியும் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

விழாவன்று ஆண்கள் மேற்கு வாசல் பக்கம், பெண்கள் வடக்கு வாசல் பக்கம். அதிகாரிகள் பேசி முடித்து, இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது டெஸ்மண்டின் அக்கா மோனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கொராலியின் முன்னால் நின்றாள்.

"ஏ கொராலி, என் தம்பி மேல செவுரு விழுந்தப்ப நீ எங்கடி இருந்தே?"

"அங்கதான்."

"அங்க இருந்து என்னத்தப் புடுங்கினே? இன்னும் கொஞ்சம் முன்னாடி கட்டியிருந்தா கால் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"சொல்லியிருப்பாரு."

"முறை முறைங்கறியே, சாகக் கிடக்கிறவன்கிட்டயா முறை பாப்பாங்க? எந்தப் பெரியவங்க அப்படிச் சொன்னாங்க? சொல்லுடி, என்ன பண்ணிட்டிருந்தே?"

 மூலை திரும்பினால் மேற்கு வாசல், அங்கே டெஸ்மண்ட் உட்கார்ந்திருக்கிறான், ஒரு சொல் விடாமல் கேட்கும். ரோவீனா பெண்கள் பக்கம் நின்று கடைசிப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன்," என்றாள் கொராலி, மூலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சத்தமாக. "அவங்க கத்தினாங்க. நான் திரும்பல."

மோனா அவள் காலடியில் துப்பினாள். "எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட உன்கிட்ட உக்காந்து படிக்க மாட்டாங்க. கேட்டுக்க." மோனாவின் வீட்டு ஆட்கள் என்றால் பாதி ஊர். கல்லூரியிலிருந்து வந்த அதிகாரி எதுவும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"படிக்கட்டும்," என்றாள் கொராலி. "ஆலிஸ்லருந்து யாரையாவது அனுப்பச் சொல்லு. நான் உள்ள வரல."

மடியிலிருந்த கட்டிடத்துச் சாவிக்கொத்தை அதிகாரியின் கையில் கொடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. மேற்குப் பக்கம் போகாமல், வடக்கே சுற்றி, வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். அன்று ராத்திரி பேரப்பிள்ளைகள் மூவரும் மல்கா போரில்தான் தூங்கினார்கள்.