ஆலமரத்துச் சுற்றம்

நெடுங்கேணிக்கு அப்பால், காடும் கழனியும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் எல்லையிலே, மேலைவானம் ஆறாத புண்போற் சிவந்திருக்க, காற்று மூச்சடக்கி நிற்க, முதிய ஆலொன்று தன் விழுதுகளை அவிழ்ந்த கூந்தலென விரித்து நின்ற மாலைப்பொழுது அது. அதன் கிளைகள் கவிந்த முசுக்கட்டைச் செடிகளுக்கு அருகே ஓலை வேய்ந்த சிறு மனை. அதனுள், அச்செடிகளின் இலையையே உணவாகக் கொண்ட பட்டுப்புழுக்கள் மெல்லும் ஒலி, தொலைவிற் பெய்யும் மழைபோற் கேட்டது. புத்தளத்தில் ஏதிலியாய் வளர்ந்து, தந்தையின் நிலத்துக்கு மீண்டவள் ஸஹீலா. இப்புழுக்கள் கூடு கட்டாவிடின் புத்தளத்துக்கே திரும்புவதென்று கணவன் நாஸிம் முடிவாய்ச் சொல்லியிருந்தான்.

“ஐயோ ஸஹீலா, பாம்புத் தலையோட ஒரு பூச்சி! புழுவுகளுக்குக் கேடு கொண்டு வந்திருக்கடி!” என்று அயல்வீட்டு ஜெகதீஸ்வரி அலறினாள். உள்ளங்கையிலும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று, சிறகின் நுனியிற் படமெடுத்த நாகம் வரைந்தாற்போற் சுவரில் ஒட்டியிருந்தது.

“பயப்பிடாதீங்கோ அக்கா. அது வேற குடும்பம்.”

“பூச்சிக்கும் குடும்ப அட்டை குடுக்கினமோ?”

ஸஹீலா சிரித்தாள். விளக்குவதில் அவளுக்கு என்றும் விருப்பு. அந்தும் வண்ணத்துப்பூச்சியுமான செதிற்சிறகுப் பூச்சிகளெல்லாம் வருணம் எனப்படும் ஒரே பெரும்பிரிவு. அது பல குடும்பங்களாய்ப் பிரியும். பட்டு நூற்பதனால் மட்டும் எல்லாம் ஒரே குடும்பமாகா. உறவு நெருங்க நெருங்க நோயும் எளிதில் தொற்றும் என்று சொல்லியவாறே, அப்பெரும்பூச்சியைப் பூவை ஏந்துவதுபோல் ஏந்திக் காட்டுப்பக்கம் விட்டாள்.

“அப்ப இந்தப் புழுவுகளின்ர கிட்டின சொந்தம் ஆர்?”

“அது சின்னது அக்கா. மண்ணிறம். கண்ணிலயும் படாது. ஆலிலை தின்னு...”

சொல் பாதியில் நின்றது. பூச்சியின் குடும்பத்தை நெஞ்சிற் பதித்தவள், ஆலும் முசுக்கட்டையும் ஒரே மரக்குடும்பம் என்பதை எண்ணாதிருந்தாள். நிழல் நல்லதென்று அவ்வாலின் கீழேயே செடி நட்டிருந்தாள். ஆலடிக்கு ஓடிக் கைபேசியின் ஒளியை மேலே உயர்த்தினாள். அரித்த ஆலிலைகளின் விளிம்பெங்கும் சிறு புழுக்கள் நெளிந்தன. அவற்றின் எச்சம், அன்று காலை அவள் கொய்து ஊட்டிய செடிகளின் இலைமேல் கரும்பொடியாய்ப் படிந்திருந்தது.

மனைக்குள் ஓடினாள். தட்டிலிருந்த ஒரு புழுவைத் திருப்பினாள். அதன் வெண்ணுடலில் மிளகுத்தூள் தூவினாற்போற் கரும்புள்ளிகள். அடுத்ததிலும் அவையே. நோய் இன்று வந்ததன்று. அவ்வெச்சத்தோடு நாள்தோறும் அவள் கையாலேயே ஊட்டப்பட்டிருந்தது.

“இலை காணுமா, இன்னும் பிடுங்கவா?” என்று அப்போது ஆலடிக்கு வந்த நாஸிம் கேட்டான்.

நாகமெனத் தோன்றிய அயலான் தீங்கின்றிப் பறந்துபோக, உறவெனும் உரிமையொன்றே கொண்ட எளியது கூரைக்கு மேலேயே குடியிருந்தது. உள்ளே, அந்தத் தொலைதூர மழை, துளித்துளியாய் ஓய்ந்துகொண்டிருந்தது.