ஜெயராணியின் ஷாம்பூவும் கோழிக் கண்ணும்

விடிந்ததும் கோழிக் கடை வாசலில் வந்து நிற்கும் சிந்துஜாவிடம் கடைக்காரர் கொளஞ்சியப்பன் ஒருநாள் கேட்டே விட்டார்.

"தெனம் கோழித் தலையா வாங்கிட்டுப் போறியேம்மா, வூட்ல எத்தினி நாய் வளக்குற?"

"நாயெல்லாம் இல்லண்ணே. யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றேன். அதுக்குக் கோழியோட கண்ணு வேணும்."

"கண்ணா?" அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவள் விளக்கிச் சொன்னதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மறுநாளிலிருந்து அவரே ஈரத் துணியில் தலைகளைச் சுற்றித் தயாராக வைத்திருந்தார். "நவுருங்க, நவுருங்க, யுனிவர்சிட்டிக்குப் போற தலை" என்று வாடிக்கையாளர்களை விலக்கி விட்டுக் கொடுப்பார். சிந்துஜாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

அது 2010. சிதம்பரத்தில் அந்த ஆய்வு மையம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விலங்கியல் துறையின் பின்பக்கம் இரண்டு அறைகள், ஒரு பேராசிரியர், ஆய்வு மாணவியாக சிந்துஜா, அவ்வளவுதான் மையம். சோப்போ ஷாம்பூவோ கண்ணில் பட்டால் என்ன செய்யும் என்று அறிய முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். முயல் இல்லாமல் அதை அறிய முடியுமா என்பதுதான் இவர்கள் வேலை. கறிக்காக எப்படியும் அறுக்கிற கோழியின் கண்ணை எடுத்து, இளஞ்சூட்டில் வைத்து, உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கச் செய்தால் சில மணி நேரம் அது கெடாமல் இருக்கும். அதில் பொருளைச் சொட்டு விட்டு, கழுவி, ஒரு சாயம் இட்டுப் பார்ப்பாள். கண் தெளிவாகவே இருந்தால் நல்லது. மங்கிப்போய்ப் பச்சையாக ஒளிர்ந்தால், அந்தப் பொருள் கண்ணுக்கு ஆகாது.

பக்கத்துத் துறைக்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை. "செத்த கோழிக்கு எரிச்சல் எப்பிடிம்மா தெரியும்?" என்று டீக்கடையில் சீண்டுவார்கள். வெளியாள் எவரும் அதுவரை ஒரு பொருளோடு அந்த மையத்தைத் தேடி வந்ததில்லை.

முதல் ஆளாக வந்தவள் ஜெயராணி.

கடலூர் முதுநகரில் வீட்டுப் பின்கட்டிலேயே ஷாம்பூ காய்ச்சுகிறவள். பூந்திக்கொட்டையும் செம்பருத்தி இலையும் போட்டு, குழந்தைகளுக்கென்று செய்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய கடை, சோதனைச் சான்று இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றிருந்தது. அதற்காக வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனாளாம்.

"மொயலப் பொட்டிக்குள்ள அடச்சு தலைய மட்டும் வெளிய வுட்டு வச்சிருந்தாங்க, சார். அது என்னையே பாக்குது. பாட்டிலப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்" என்றாள்.

பேராசிரியர் ராமாமிர்தம் முகம் மலர்ந்து, "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சிந்துஜா அன்றே சோதித்தாள். ஜெயராணி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சொட்டு விட்டுக் கழுவிச் சாயம் இட்டதும், நீல விளக்கின் கீழ் கோழிக் கண் பளிச்சென்று பச்சையாக மின்னியது.

"ஐ, அழகா இருக்கே! பாஸா?"

"இல்லக்கா. இது கண்ணுக்கு ஆவாது. எரியும்" என்றாள் சிந்துஜா.

ஜெயராணியின் முகம் சிவந்தது. "என் புள்ளைங்களுக்கு இதத்தான் போடுறேன். அதுங்க கண்ண மூடிக்கிட்டுக் குளிக்குதுங்க, ஒண்ணும் ஆவல. செத்த கோழிக்கு என்னா தெரியும்?"

டீக்கடையில் கேட்ட அதே கேள்வி. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம் சிந்துஜாவுக்கே தோன்றிவிட்டது.

அதற்குள் ஜெயராணி பாட்டிலில் விரலைத் தோய்த்துத் தன் இடது கண்ணில் தடவிக்கொண்டாள்.

"அக்கா!"

"பாத்தியா, ஒண்ணுமே இல்ல" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "அய்யோ... அய்யய்யோ!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு அறை முழுக்கச் சுற்றினாள். சிந்துஜா அவளைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் குனிய வைத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள். பேராசிரியர் விசிறத் துண்டு தேடி, கிடைக்காமல், ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

எரிச்சல் அடங்க நேரமாயிற்று. ஜெயராணி தக்காளி போலச் சிவந்த கண்ணோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோழிக் கண் இருந்த பக்கம் கை காட்டி, "அது சொன்னது கரெக்டுதான்" என்றாள். முதலில் அவள்தான் சிரித்தாள். அப்புறம் மூன்று பேராலும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் சிந்துஜா மெல்லக் கேட்டாள். "சார், மனுசக் கண்ணும் கோழிக் கண்ணும் ஒரே மாதிரி ரிசல்ட் குடுத்திருக்கு. தீசிஸ்ல சேத்துக்கலாமா?"

"எழுதிடாதம்மா! மனுசன் மேலயே சோதனை பண்ணிட்டோம்னு நம்மளத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க."

ஆனால் அன்றிலிருந்து டீக்கடைச் சீண்டல் அவளைத் தொடவில்லை. சிரித்துக்கொண்டே, "நீங்களும் ஒரு தடவ கண்ணுல போட்டுப் பாக்குறீங்களா, சார்?" என்று கேட்பாள். யாரும் முன்வரவில்லை.

ஜெயராணி விடுவதாக இல்லை. பூந்திக்கொட்டையைக் குறைத்துக் காய்ச்சிக்கொண்டு வந்தாள்; அதற்கும் கோழிக் கண் மங்கியது. "இப்ப நொரையே வரல, பச்சையும் போவல" என்று தலையில் கை வைத்தாள். செம்பருத்தியைக் கூட்டிப் பார்த்தாள். பேராசிரியர் சொன்னதைக் கேட்டு, கண்ணை உறுத்தாத வேறு நுரைப் பொருளை வாங்கிக் கலந்தாள். வரும்போதெல்லாம் வறுத்த முந்திரி வரும். மழை கொட்டிய ஒரு நாளில், நனைந்த பையோடு புதுப் பாட்டிலை நீட்டினாள்.

இந்த முறை நீல விளக்கின் கீழ் எதுவும் மின்னவில்லை. சிந்துஜா வேறு இரண்டு கண்களில் திரும்பவும் விட்டுப் பார்த்தாள். கண்ணாடிபோல அப்படியே இருந்தன.

"பாஸ், அக்கா."

ஜெயராணி அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டாள். சத்தம் கேட்டு எதிர் அறைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி முந்திரி விழுந்தது.

புதுச்சேரிக் கடை ஷாம்பூவை எடுத்துக்கொண்டது. பொங்கல் கழிந்ததும், வீட்டிலேயே கண்மை செய்யும் தில்லையம்மாள் என்ற பண்ருட்டிக்காரி, கையில் டப்பாவோடு மைய வாசலில் வந்து தயங்கி நின்றாள்.

"முதுநகர் ஜெயராணி அனுப்புனாங்க. இங்க மொயல் கெடையாதாமே?"

"கெடையாதும்மா. உள்ள வாங்க" என்றாள் சிந்துஜா. "மொதல்ல இது எதுல செஞ்சதுன்னு சொல்லுங்க."