தோற்பதற்காகப் பூட்டிய இன்ஜின்

மீன் ஆலையில் பத்து மணி நேரம் நின்ற காலோடுதான் ருகாயா தினமும் அந்தக் காருக்கு அடியில் போய்ப் படுப்பாள். "மல்லாந்து படுத்தா இடுப்புக்குச் சுகமா இருக்கு" என்று புருஷன் இக்சானிடம் சொல்வாள். அதில் பாதிதான் உண்மை. மீதியை இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

கார் ஒரு பழைய கோல்ஃப். பெட்டி மாதிரிச் சின்ன உடம்பு, பின்னால் மேலே தூக்கித் திறக்கிற கதவு. அவர்கள் ஊரான மிட்செல்ஸ் பிளெயினில் வாசலுக்கு ஒன்று நிற்கும். பாதி ஓடும், பாதி செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும். இவள் வாங்கியபோது இதற்குள் கோழிகள் குடியிருந்தன. தரைத் தகடு துருவில் கரைந்துபோய், சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் ரோடு தெரிந்தது. உடைந்த துணி துவைக்கும் மெஷினின் பக்கத் தகட்டை வெட்டி வைத்துப் பற்றவைத்தாள். கவிழ்ந்துபோன ஒரு வேனிலிருந்து கிடைத்த இன்ஜினை, பள்ளிக்கூடத்துக்காரர்கள் கழித்துப்போட்ட ஊஞ்சல் சட்டத்தில் சங்கிலி கட்டி இறக்கினாள். இன்ஜினின் மேல்மூடி சமையல் மேசையில் ஆறு வாரம் கிடந்தது. காற்றும் பெட்ரோலும் நுழைகிற வழிகளை, டிரில்லில் சாணைக்கல் மாட்டித் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினாள். இக்சான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

"மேசை எப்ப எனக்குத் திரும்பக் கிடைக்கும்?"

"டென்சில்கூடப் பந்தயம் ஓட்டி முடிச்சதும்."

"ஜெயிச்சுடுவியா?"

அவள் அவன் தட்டில் விழுந்த இரும்புத் தூளை ஊதிவிட்டாள்.

நடந்தது இதுதான். ருகாயாவின் தம்பி தோஹிர் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்ப்பவன். ஒரு தடவை எட்டு மாதம் கடலுக்குப் போனபோது தன் கோல்ஃபை அக்காவிடம் விட்டுப்போனான். "நான் வரும்போது இது பறக்கணும் அக்கா." அவளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த இன்ஜினைக் கட்டினாள். தெருவில் யார் வண்டி படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அப்படிப்பட்ட கை. கட்டி முடித்த வாரம் பார்ல் ஊரில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கார் நிற்கிறது, முன்பக்கம் பொக்கை வாயாகத் திறந்து கிடக்கிறது. இன்ஜினைக் காணோம்.

தோஹிர் கப்பலை விட்டு இறங்கி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிர் வீட்டு காவா ஆன்ட்டி பாகில் தோய்த்துத் தேங்காய்ப்பூ தூவி கோசிஸ்டர் பணியாரம் விற்கிற நேரம். முப்பது பேர் கையில் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். தோஹிர் அக்கா வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "எங்கக்கா திருடி! என் இன்ஜினை வித்துத் தின்னுட்டா! எல்லாரும் கேட்டுக்கங்க!"

கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவளிடம் வண்டியைக் கொண்டுவரவில்லை. இரண்டு பெருநாள் வந்து போயின, தம்பி வாசல்படி மிதிக்கவில்லை. ஆலையில்கூட ஒருத்தி, "பையைப் பாத்துக்கங்கடி, ருகாயா வர்றா" என்று சொல்லிச் சிரித்தாள். மீன் வெட்டுகிற கத்தியை ருகாயா அன்றைக்கு இரண்டு தடவை தீட்டினாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சிக்னலில் அந்த இன்ஜினைக் காதால் கண்டுபிடித்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் டென்சிலின் சிவப்பு கோல்ஃப் பக்கத்தில் வந்து நின்றது. மூன்று தட்டு, ஒரு தயக்கம், மறுபடி மூன்று தட்டு. அவள் கையால் பார்த்துப் பார்த்து வைத்த துடிப்பு அது. டென்சில் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன ருகாயாக்கா, கேக்க நல்லாயிருக்கா? நானே என் கையால கட்டினது."

அந்தக் கையில் ஒரு நகத்தில்கூட அழுக்கு இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஜின் நம்பர் வேறாக இருந்தது, காகிதமெல்லாம் சுத்தம். சத்தத்தை வைத்துப் புகார் எழுத முடியாது அம்மா என்றார்கள். தோஹிரிடம் சொல்லி அனுப்பினாள். அவன் டென்சிலோடு சேர்ந்து சிரித்தான். அப்போதே அவன் டென்சிலின் ஆள் ஆகியிருந்தான். பந்தயத்துக்கு டயர் மாட்டுவது, போல்ட் முடுக்குவது எல்லாம் அவன்தான். என் இன்ஜின் போனால் போகட்டும், ஒரு நல்ல சிநேகிதன் கிடைத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ருகாயாவிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அது அந்த இன்ஜினுக்குள் இருந்தது.

அதைக் கட்டும்போது மேல்மூடியின் போல்ட் ஒன்று முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. துளை போட்டு எடுக்கும்போது, ஆலைக் களைப்பில் கண் செருகி, டிரில் வழுக்கி, இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடும் அறைக்குள் ஒரு ஓட்டை போட்டுவிட்டாள். இந்தத் தப்பு வெளியே தெரிந்தால் மானம் போகும். ஒரு பழைய ஒரு சென்ட் செம்புக் காசை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, ஓட்டையின் வாயில் பள்ளம் வெட்டி அடித்து இறக்கினாள். மேல் முகத்தை அரத்தால் சமமாக ராவினாள். கீழ் முகத்தில் அச்சடித்திருந்த இரண்டு சிட்டுக்குருவிகளும் அப்படியே தண்ணீருக்குள் போயின. மேலே மூடியை வைத்துப் பூட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. தோஹிருக்கே தெரியாது.

அந்தக் காசைப் பற்றி அவள் வாய் திறந்தால் டென்சிலின் காதுக்குப் போகும், மறுநாளே அந்த இரும்பு கடலுக்குப் போகும். அதனால்தான் இரண்டு வருஷம் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டென்சில் ஓட்டுகிற கால் மைல் பந்தய கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. ஜெயித்தவனின் இன்ஜினைத் திறந்து காட்டச் சொல்லலாம். ஆனால் கேட்கிற உரிமை ஒரே ஆளுக்குத்தான்: கடைசி ஓட்டத்தில் அவனிடம் தோற்ற ஆளுக்கு. என்ன குற்றம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, திறப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். எழுதியது பொய்யானால் கேட்டவர் அந்த மைதானத்தில் மறுபடி கால் வைக்கக் கூடாது. டென்சில் இரண்டு வருஷமாகக் கடைசி ஓட்டம் வரை வருகிறவன். ஆக, அவள் மற்ற எல்லாரையும் ஜெயிக்க வேண்டும். அவனிடம் மட்டும் தோற்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் தென்கிழக்குக் காற்று மணலை வாரி அடித்தது. கோழி குடியிருந்த கோல்ஃப் நாலு ஓட்டத்தில் நாலு காரைத் தின்றது. கத்திக் கத்தி இக்சானுக்குக் குரலே போய்விட்டது. கடைசி ஓட்டத்துக்கு முன்னால் டென்சில் நடந்து வந்தான், பின்னாலேயே ஸ்பானரோடு தோஹிர்.

"அக்கா, வண்டியில மீன் நாத்தம் அடிக்குது. பெட்ரோலுக்குப் பதிலா மத்தி எண்ணெய் ஊத்துறியா?"

"நாலு பேரு என் பின்னாடி அந்த நாத்தத்தை மோந்துக்கிட்டேதான் வந்தாங்க" என்றாள் ருகாயா. தம்பியைப் பார்த்தாள். "சாப்பிட்டியாடா?"

தோஹிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பச்சை விளக்கு விழுந்தது. முதல் கியரிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது: தன் கார்தான் வேகம். கொஞ்சம் இல்லை, ரொம்ப. சிவப்புக் கார் பக்கக் கண்ணாடிக்குள் சுருங்கியது. ஆறு வாரம் தேய்த்த தேய்ப்பெல்லாம் வலது காலுக்குக் கீழே உட்கார்ந்து இன்னும் கொடு, இன்னும் கொடு என்றது. போதும் என்று காலைக் கொஞ்சம் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து டென்சில் மூன்றாவது கியரைத் தவறவிட்டான். அவன் இன்ஜின் சும்மா அலறியது, கார் தளர்ந்தது. அடப்பாவி, தோற்கக்கூட விடமாட்டாயா! ருகாயா காலை முழுக்க எடுத்தாள். அப்படியும் கார் முன்னால் போனது. வேறு வழியில்லை. ஐநூறு பேர் பார்க்க, கோட்டுக்குப் பத்து கஜம் முன்னால் பிரேக்கை மிதித்து நின்றாள். பக்கத்தில் டென்சில் தள்ளாடித் தள்ளாடிக் கோட்டைத் தாண்டினான்.

மைதானம் ஊளையிட்டது. இக்சான் ஓடி வந்தான்.

"ஏண்டி நிறுத்தின? பைத்தியமா உனக்கு? பிரேக் லைட் எரிஞ்சதை நான் பாத்தேன்!"

"தள்ளு. வேலை இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒட்டிய உறையை எடுத்துக்கொண்டு, கிளப்பில் வண்டிகளைப் பரிசோதிக்கிற பென்னி மாமாவிடம் நேராகப் போனாள். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் இருந்த மனுஷர்.

"இன்ஜினைத் திறக்கச் சொல்லுங்க மாமா."

டென்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "திறக்கட்டுமே! அளவெல்லாம் சரியா இருக்கும். அப்புறம் இந்தம்மா மூஞ்சியை இந்தப் பக்கமே பாக்க வேண்டியதில்லை. தோஹிர், கழட்டுடா!"

தோஹிர்தான் கழற்றினான். சூடு ஆற ஒரு மணி நேரம் ஆனது. மணல் உள்ளே விழாமல் இரண்டு பேர் தார்ப்பாய் பிடித்தார்கள். ருகாயா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் ஒன்றே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் வேறு யாராவது இதைத் திறந்திருந்தால்? காசைத் தோண்டி எறிந்துவிட்டு வேறு எதையாவது வைத்து அடைத்திருந்தால்? அப்படியானால் திருடிப் பட்டத்தோடு பொய்க்காரிப் பட்டமும் சேரும், செத்தாலும் போகாது.

கடைசி போல்ட் வந்தது. தோஹிர் மூடியைத் தூக்கி வைத்தான். பென்னி மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உறையைக் கிழித்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'இது நான் கட்டின இன்ஜின். என் வீட்டு முற்றத்தில் இருந்து திருடியது. நாலாவது சிலிண்டருக்குப் பின்னால், மூலை போல்ட் ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி, காசு அளவில் ஒரு செம்பு வட்டம் இருக்கும். நெம்பி எடுத்தால் அடியில் இரண்டு சிட்டுக்குருவி இருக்கும்.'"

தார்ப்பாய் காற்றில் படபடத்தது. தோஹிர் கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்து அந்த மூலையைத் துடைத்தான். கறுப்பு இரும்பில் சிவப்பாக ஒரு வட்டம் கண் திறந்தது. பென்னி மாமா உளியால் ஓரத்தில் தட்டி நெம்பினார். காசு துள்ளித் தோஹிரின் உள்ளங்கையில் விழுந்தது. பாசி பிடித்த முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். ஒரு குருவி வந்தது. இன்னும் தேய்த்தான். இன்னொரு குருவி.

"நான் வாங்கினேன்!" டென்சில் கத்தினான். "எவனோ வித்தான், நான் வாங்கினேன்!"

"எவன்?" என்றாள் ருகாயா.

டென்சில் யாரையோ தேடுவதுபோலக் கூட்டத்தைப் பார்த்தான்.

"நீயே உன் கையால கட்டினதுன்னுதானே ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொன்ன? சொல்லு டென்சில். இந்தக் குருவிக்கு நீதான் கூடு கட்டினியா?"

ஐநூறு பேரும் ஒரே வாயாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் தேனாக இறங்கியது. பென்னி மாமா டென்சிலின் கதவிலிருந்த பந்தய எண்ணை உரித்துச் சுருட்டி அவன் காலடியில் போட்டார். போலீஸ் வரும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்றார். டென்சில் நடந்தே போனான். வழிநெடுக யாரோ குருவி மாதிரிக் கீச்சுக் கீச்சென்று கத்தினார்கள்.

தோஹிர் காசை நீட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா... எனக்குத் தெரியாதுக்கா. மன்னிச்சிரு."

"இங்க வேணாம்" என்றாள். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "நீ என்னைத் திருடின்னு எங்க வச்சுச் சொன்ன?"

"உன் வீட்டு கேட் பக்கத்துல..."

"என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை" என்று அவன் தலை குனிந்தான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் ருகாயா.

மறுநாள் காலை காவா ஆன்ட்டி வீட்டு வரிசை வழக்கத்தைவிட நீளம். விஷயம் பரவியிருந்தது, கோசிஸ்டர் தின்னாதவர்கள்கூடக் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். ருகாயா கேட்டைத் திறந்து வைத்து, காரைத் தெருவைப் பார்க்க நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டிருந்தாள். தோஹிர் வெள்ளைச் சட்டை போட்டு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கக்கா திருடலை. நான்தான்—"

ருகாயா வலது காலை அழுத்தினாள். கோல்ஃப் உறுமியது, ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. காலை எடுத்தாள்.

"கேக்கலடா."

"எங்கக்கா திருடலை! நான்தான் பொய் சொன்னேன்!"

மறுபடி உறுமியது. இந்தத் தடவை கொஞ்ச நேரம் கூடுதலாக.

"இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல. அன்னைக்கு இதைவிடச் சத்தமாத்தானே சொன்ன?"

தோஹிர் நெஞ்சு முட்ட மூச்சு இழுத்துக் கத்தினான். குரல் பிசிறியது. வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்ற அதே முகங்கள்தான். ருகாயா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"போதும்மா ருகாயா" என்றாள் காவா ஆன்ட்டி கரண்டியோடு. "கோசிஸ்டர் ஆறுது. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்து வச்சிருக்கேன்."

"வச்சிருங்க ஆன்ட்டி, வர்றோம்" என்றாள் ருகாயா. "இன்னும் ஒரே ஒரு தடவை. டென்சில் வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கு, அங்க வரைக்கும் கேக்கணும்."

காலை அழுத்தினாள்.