தேசிக்காய் பட்ட மாபிள்

ரேச்சல் பொய் சொன்னதில்லை. லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் ஞாயிறு ஆராதனை தவறாதவள்; பொய் அவளுக்கு ஒத்துவராது. வேண்டாததைச் சொல்லாமல் விடுவாள், அவ்வளவுதான். அது பாவத்தில் சேராது என்பது அவளுடைய எண்ணம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நல்லூரில் இருக்கிற மாமனாரின் வீட்டுக்கே வந்து மிச்சக் காலத்தைக் கழிப்பது என்று அவளும் கணவன் ஜொனதனும் முடிவெடுத்தார்கள். வீடு நல்ல வீடு. அதில் ஒரேயொரு குறை, ஜொனதனின் அக்கா வினிபிரட். கலியாணம் கட்டாமல், தாய் தகப்பனை இறுதிவரை பார்த்து, முன் அறையிலேயே தலை நரைத்துப்போன மனுஷி. விடியமுன்னரே ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டு வீடு கூட்டுவாள். எந்த அலுமாரியைத் திறந்தாலும் அவளுடைய பூச்சி உருண்டை மணக்கும். அக்காவால் வீட்டைப் பராமரிக்க முடிகிற வரைக்கும் அவள் அந்த வீட்டில்தான் இருப்பாள் என்று சாகக் கிடந்த தகப்பனிடம் ஜொனதன் வாக்குக் கொடுத்திருந்தான். காரணம் இல்லாமல் அவளைக் கிளப்ப அவனால் முடியாது. ரேச்சலுக்கு அந்தக் காரணம்தான் வேண்டியிருந்தது.

நியாயமாகச் சொன்னால், கடைக்குப் போனபோது அவள் அந்த நினைப்போடு போகவில்லை. குளியலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள், கல்லில் குடைந்த பேசின் ஒன்று வைக்க அவளுக்கு ஆசை. கடைக்காரர் செல்வநாயகம் வயதானவர். ஒரு கருங்கல் பேசினைத் தட்டிக் காட்டினார்.

"இதை எடுங்கோ தங்கச்சி. எங்கடை கிணத்துத் தண்ணிக்கு இதுதான் நிண்டுபிடிக்கும். மாபிள் வடிவுதான், ஆனால் கைக்குழந்தை மாதிரிப் பார்க்கோணும். தேசிக்காய், புளி, வினாகிரி ஒண்டும் படக்கூடாது. பட்டால் கல்லை அரிச்சுப்போடும். வெறும் தண்ணியும் மெல்லிய துணியும்தான்."

தேசிக்காய் என்று எலுமிச்சையைச் சொன்னதும் ரேச்சலுக்கு வினிபிரட்டின் நினைவு வந்தது. சேர்ச்சின் பித்தளைச் சிலுவையையும் பூச்சாடிகளையும் சனிக்கிழமைதோறும் தேசிக்காயும் சாம்பலும் போட்டு மினுக்குகிறவள் அவள். வாலிபத்தில் தொடங்கிய வேலை, இன்னும் வேறொருவரிடம் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக் குழாய், கேத்தல், குளியலறைத் தரை, எதுவானாலும் அவளுக்குத் தேசிக்காய்தான். ரேச்சல் பக்கத்தில் இருந்த வெள்ளை மாபிள் பேசினைத் தடவிப் பார்த்தாள்.

"வெள்ளையே இருக்கட்டும்," என்றாள்.

பேசினைப் பூட்டிய கையோடு ஜொனதன் கொழும்புக்கு அலுவலாகப் போனான். அவன் திரும்புவதற்குள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு குழாயடியில் ஒரு வளையமாகப் படிந்துவிட்டது.

"மச்சாள், பேசினிலை கறை பிடிக்குது," என்றாள் ரேச்சல். "உங்கடை கை பட்டால்தான் போகும்."

வினிபிரட்டின் முகம் மலர்ந்துவிட்டது. தம்பியின் மனைவி தன்னிடம் ஒரு உதவி கேட்பது அதுதான் முதல் தடவை.

"எதாலை தேய்க்கிறது ரேச்சல்? புதுக் கல்லெல்லோ?"

"உங்களுக்குத் தெரியாததே மச்சாள்."

பாவம், அவள் வேறு எதைத் தேடப்போகிறாள்? தேசிக்காயைப் பாதியாக வெட்டிக் கல்லில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். சாறு பட்ட இடம் மெல்ல நுரைத்தது.

"இஞ்சை பாரும், ஊத்தை எப்பிடி நுரைச்சுக்கொண்டு வருது எண்டு."

ரேச்சல் வந்து பார்த்தாள். நுரைத்தது ஊத்தை அல்ல, கல்.

"நல்லா நுரைக்குது மச்சாள்," என்றாள்.

வளையம் போயிற்று. ஆனால் அந்த இடம் மங்கலாகத் தெரிந்தது. ஊத்தை மிச்சம் என்று நினைத்து வினிபிரட் மறுநாளும் தேய்த்தாள், அதற்கு மறுநாளும் தேய்த்தாள். மங்கல் பேசின் முழுக்கப் பரவியது. பின்வளவு மரத்தில் காய் முடிந்ததும் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வாங்கி வந்தாள். விரல் நுனிகள் உரிந்து எரிந்ததை யாருக்கும் சொல்லவில்லை. அந்தத் தேய்க்கிற சத்தத்தை ரேச்சல் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். எழும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

கொழும்பிலிருந்து வந்த ஜொனதன் பேசினைப் பார்த்துத் திகைத்துப்போனான். பளபளப்புச் செத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது.

"என்னக்கா செய்து வைச்சிருக்கிறியள்?"

வினிபிரட் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். ரேச்சல்தான் பரிந்து பேசினாள்.

"அவவை ஏசாதேங்கோ. வயசு போட்டுது, கண் தெரியுதோ என்னவோ. இண்டைக்குக் கல்லு, போகட்டும். நாளைக்குக் காஸ் அடுப்பைத் திறந்துபோட்டு மறந்தால் என்ன செய்யிறது?"

ஜொனதன் பயந்துவிட்டான். பயந்த மனுஷனுக்கு வாக்கெல்லாம் ஞாபகம் இருக்காது. சேர்ச் நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்றில் அந்தக் கிழமையே இடம் கிடைத்தது.

"நாலு பேரோடை இருந்தால் உங்களுக்கும் நல்லமக்கா," என்றான்.

வினிபிரட் ஓமென்று சொல்லி உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தன் கையும் கண்ணும் கெட்டுவிட்டன என்று அவளே நம்பிவிட்டாள். போகிற நாள் ஓட்டோவில் ஏறமுன் ரேச்சலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மடை வடிவான சாமானைப் பழுதாக்கிப்போட்டன். எண்டாலும் நீர் முகம் சுளிக்கேல்லை. அந்தக் குணம் ஆருக்கு வரும் ரேச்சல்?"

ரேச்சல் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அடுத்த கிழமை கனிசியஸ் என்ற கல் வேலைக்காரன் மினுக்குகிற மெசினோடு வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் பேசின் கடையில் இருந்த மாதிரியே ஆகிவிட்டது. ஜொனதன் விரலால் தடவிப் பார்த்தான்.

"இவ்வளவுதானே வேலை?"

"மேலாலைதானே ஐயா அரிச்சது. மினுக்கினால் சரி," என்றுவிட்டுக் கனிசியஸ் கிளம்பினான்.

ஜொனதன் ஃபோனை எடுத்துக்கொண்டு அக்கா இருந்த முன் அறைக்கு வந்தான். அங்கே ரேச்சல் ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை அளந்துகொண்டிருந்தாள்.

"பேசின் சரிவந்திட்டுது எண்டு அக்காவுக்குச் சொல்லட்டே? நேற்றுக் கதைக்கேக்கையும் அதைச் சொல்லித்தான் அழுதவ."

"சொல்லுங்கோ," என்றாள் ரேச்சல். "அப்ப நான் வீட்டை வரட்டே எண்டு கேப்பா. அதுக்கு என்ன சொல்லப்போறியள்?"

ஜொனதன் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, திரைச்சீலையின் மற்ற நுனியைப் பிடித்துக் கொடுத்தான்.