உள்ளே விட்ட துணி

பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்குச் சீருடை தைப்பவன் நான். இருபத்திரண்டு வருஷமாக அவர்களுடைய இடுப்பெல்லாம் என் டேப்புக்குள்தான் வளர்ந்தது. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை, சாப்பிட ஏழு நிமிஷம், கேன்டீனில் எப்போது போனாலும் எண்ணெயில் பொரித்தது. பிறகு வளராமல் என்ன செய்யும்?

டேப்பைச் சுற்றியதும் ஆளாளுக்கு மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். அதனால் பதிவேட்டில் இரண்டு மூன்று அங்குலம் குறைத்து எழுதிவிட்டு, தைக்கும்போது உண்மையான அளவுக்கே தைப்பேன். அடுத்த வருஷம் பிரித்துவிட வசதியாக உள்ளே துணியும் விடுவேன். இங்கேயே பஸ் ஓட்டும் என் தங்கை புருஷன், மாப்பிள்ளைக்குப் போன வருஷம் நாற்பத்து நான்கு. நாற்பத்தொன்று என்று எழுதினேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறு மாதம் முன்பு சுற்றறிக்கை வந்தது. இடுப்பு நாற்பதைத் தாண்டிய ஓட்டுநர்கள் ஆறு மாதத்தில் இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ் கழுவும் வேலை. உடல்நலம் அவரவர் பொறுப்பு என்று கடைசியில் ஒரு வரி. உட்காரும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எண்ணெய்ச் சட்டியைப் பற்றியும் இல்லை. எதிலிருந்து இரண்டு அங்குலம் என்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

"இருபது வருஷம் ஓட்டிட்டேன் மச்சான். இப்ப போய் பைப்பைப் பிடிச்சிக்கிட்டு நின்னா, எம்பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார் மாப்பிள்ளை.

சர்க்கரையை விட்டார். பொரித்ததை விட்டார். தங்கை கட்டிக்கொடுத்த வேகவைத்த காய்களை நாலு நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, மிச்ச மூன்று நிமிஷம் பஸ்ஸையே சுற்றிச் சுற்றி நடந்தார். மற்ற ஓட்டுநர்கள் "என்னண்ணே, டயரை எண்றீங்களா?" என்று ஓட்டினார்கள். மனுஷன் அசரவில்லை. போன மாதம் அவருடைய பேன்ட்டை நானே மூன்று அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இன்று காலை உடல்நல அதிகாரி பக்கத்தில் நிற்க, நான் மாப்பிள்ளையை அளந்தேன்.

"நாப்பத்தொண்ணு!" என்று கத்தியே விட்டேன்.

அதிகாரி பதிவேட்டைத் திருப்பினார். "போன வருஷமும் நாப்பத்தொண்ணுதானே? ஒண்ணும் குறையலையே."

மாப்பிள்ளையின் இடுப்புப் பட்டியை வெளியே திருப்பிக் காட்டினேன். "சார், அது நான் தப்பா எழுதினது. நாப்பத்தி நாலு இருந்துச்சு. இந்த பேன்ட்டைப் பாருங்க, பிடிச்ச தையல் தெரியுது."

"பேன்ட்டை எப்படி வேணா பிரிச்சுத் தைக்கலாம். தைக்கிறதே நீங்கதானே? அவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர் வேற." அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஏட்டுல இருக்கறதைத்தான் நான் பார்க்க முடியும். வாயைக் கட்டணுங்க, வேற வழியே இல்ல."

வரிசையில் நின்றவர்களை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கும் குறைத்து எழுதியவன் நான்தான்.

மத்தியானம் மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். காலில் பஸ் கழுவுகிறவர்களின் ரப்பர் பூட்ஸ். ஒரு கையில் அந்த பேன்ட், மறு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதைப் பழையபடி விட்டுக் குடுங்க மச்சான்."

"வேணாம் மாப்பிள்ளை. இவ்வளவு கஷ்டப்பட்டுக் குறைச்சிட்டு..."

"யாரு குறைச்சா? ஏட்டுல இல்லையே." ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அவசரமே இல்லாமல் மென்றார்.

எனக்கு அழுகை வந்தது. கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தேன். நான் உள்ளே விட்டிருந்த துணி நாற்பத்து நான்குக்குச் சரியாக இருந்தது.