மூலையில் ஒரு விரல்

அம்மா எடுத்த எந்தப் படமும் அவள் விரல் இல்லாமல் வந்ததில்லை. கேமராவைக் கையில் கொடுத்தால் போதும், ஆள்காட்டி விரல் தானாக நகர்ந்து லென்ஸின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலா அது, விடாக்கண்டன்! பிறந்தநாளோ கடற்கரையோ, படத்தின் மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு மங்கல் கட்டாயம் இருக்கும். அப்பா புகைப்படக்கலைப் புத்தகங்களாக வாங்கி அடுக்கியவர். "முதல் பக்கத்துலயே போட்டிருக்கான், லென்ஸ்ல விரல் படக்கூடாதுன்னு" என்று வாசித்தே காட்டுவார்.

"அப்ப அந்தப் புத்தகத்தையே படம் எடுக்கச் சொல்லுங்க" என்பாள் அம்மா.

அவளைப் படமெடுக்க மட்டும் யாராலும் முடியவில்லை. கேமராவைத் திருப்பினாலே முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிடுவாள்.

அம்மா தவறி ஒரு வருஷம் ஆனதும், ஸ்டுடியோவில் பழைய படங்களைச் சரிசெய்யும் வேலை பார்க்கும் மகள், அந்தப் படங்களையெல்லாம் சேர்த்து அப்பாவுக்கு ஒரு புத்தகமாகவே போட்டாள். கண் எரிய எரிய உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் சுத்தம் செய்திருந்தாள். விரல் இருந்த இடத்தில் இப்போது கடலும் வானமும் பளிச்சென்று இருந்தன.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாராட்டப்போகிறார் என்று அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். கடைசிப் பக்கம்வரை போனவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

அவர் சுத்தமான அந்த மூலையைத் தடவிப் பார்த்தார்.

"இங்கதானேம்மா இருந்தா, உங்கம்மா?"