ஏரோப்ளேனுக்கு இன்ஜின் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட நாலாவது வீட்டில் சரியென்று சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் தானியேல் இரண்டு வருஷமாக இன்ஜின் பார்த்தார், ஒன்றும் தகையவில்லை.

கும்மிடிப்பூண்டி உருக்கு ஆலையில் அவர் வெல்டர். வீட்டிலேயே ஏரோப்ளேன் கட்டுவதற்கான வரைபடம் போட்ட பழைய வெள்ளைக்காரப் பத்திரிகை ஒன்றை மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்தார், அன்றைக்கே என் நிம்மதி போயிற்று. எழுபத்தேழாம் வருஷம் முடிவதற்குள் கொல்லைக் கொட்டகையில் உடம்பு, இறக்கை, வால் எல்லாம் தயார். இறக்கைக்குத் துணி தைத்தது நான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவர் அளவை மாற்றிக்கொண்டே இருந்தார். கூலி கேட்கவில்லை. பின்சீட்டில் முதலில் உட்காரப்போவது நான் என்று பேச்சு. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற இடத்தை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆசை அவருடையதைவிடப் பெரியது.

இன்ஜினுக்கான பணமும் என்னுடையதுதான். மாத்திரை கம்பெனியில் டப்பா ஒட்டித் தபாலாபீசில் சேர்த்த மூவாயிரத்துச் சொச்சம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

சொன்னால் கேட்கிற ஜென்மமா? முதலில் அசல் ஏரோப்ளேன் இன்ஜினுக்கே விலை கேட்டு வெளிநாட்டுக்கு எழுதினார். பதில் வந்தது. அந்தப் பணத்துக்கு எங்கள் தெருவையே வாங்கிவிடலாம், இறக்குமதி லைசென்ஸ் வேறு வேண்டும். அடுத்து ஜீப் இன்ஜின். விலை படிந்தது, ஆனால் இறக்கி வைக்கவே நாலு ஆள் தேவைப்பட்டது. “இத்த மாட்டினா மூக்கு தரையில குத்திக்கும்” என்று அவரே சொல்லி அவரே திருப்பி அனுப்பினார். போகவர வண்டி வாடகை என் தலையில். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜினை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது, ஏரோப்ளேன் ஓர் அடி நகரவில்லை.

கடைசியில் பழைய இரும்புக் கடை ஆதிகேசவன் தன் கடைக்கு ஒன்று கொண்டுவந்தார். மெட்ராசில் நொறுங்கிப்போன ஏதோ ஃபாரின் காரிலிருந்து கழற்றியது. ஊற்றத் தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும், லேசானது. பத்து நாள் பேரம் பேசி விலை மூவாயிரத்தில் நின்றது. பத்திரிகையிலும் இதே இன்ஜின் படம் இருந்தது. அப்பாடா என்று தபாலாபீசுக்கு ஓடிப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் கொட்டகை வாசலில் பின்சீட்டு கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து தானியேல் டீ குடிக்கிறார்.

“இன்னாய்யா இது?”

“ஒண்ணும் இல்ல மேரி. இந்த இன்ஜினு ரெண்டு பேர தூக்காதாம், புக்குல போட்டுக்கிறான். அதான் பின்சீட்ட கயட்டிட்டேன்.”

“எப்ப தெரியும் உனக்கு?”

“போன வாரம்” என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

பணம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் முன்னால் அழ மனமில்லை.

“புக்க எடுத்துக்கினு கடைக்கு வா. அது யாரத்தான் தூக்கும்னு பாக்கலாம்.”

ஆதிகேசவன் கடையில் பெரிய எடை மேடை உண்டு. உடம்பையும் இறக்கையையும் முன்பே அங்கேதான் எடை போட்டிருந்தோம், நூற்றறுபது கிலோ. இன்ஜினை ஏற்றினோம். மூக்கில் சுழலும் விசிறியும் மற்றச் சாமானும் சேர்த்து எண்பத்தைந்து. பெட்ரோலுக்கு இருபது. ஆளோடு எல்லாம் சேர்ந்து முந்நூற்றிருபதைத் தாண்டக்கூடாது என்று பத்திரிகையில் இருந்தது. ஆதிகேசவன் சுவரில் சாக்பீசால் கூட்டிக் கழித்தார்.

“ஆளுக்கு அம்பத்தஞ்சு நிக்குது மேரிம்மா.”

“நீ ஏறுய்யா” என்றேன்.

இரும்பு, துணி, பெட்ரோல் எல்லாவற்றையும் எடை பார்த்த மனுஷர் தன்னை மட்டும் பார்த்ததே இல்லை. ஏறி நின்றார். எழுபத்தெட்டு. செருப்பைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார். வாட்சைக்கூட என் கையில் கொடுத்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வயித்த எக்கினா வெயிட்டு கொறையாது தானியேலு” என்றார் ஆதிகேசவன். “இருவது கிலோவுக்கு மேல எளைக்கணும் நீ. இல்லாங்காட்டி வேற இன்ஜினு பாரு.”

வேறு இன்ஜின்! மறுபடி இரண்டு வருஷமா? அவரைக் கீழே இறங்கச் சொன்னேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறினேன்.

ஆதிகேசவன் இரண்டு தடவை பார்த்தார். “நாப்பத்திமூணு” என்றார்.

தானியேல் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா மேரி வெளையாடுற? உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“உனக்குத் தெரியுமாய்யா?”

அவருக்கும் தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்து வாயால் சத்தம் போட்டுப் பழகியதோடு சரி. அந்த அளவு பழக எனக்கு ஒரு சாயங்காலம் போதும்.

மேடையைவிட்டு இறங்கி மூவாயிரத்தையும் ஆதிகேசவன் கையில் கொடுத்தேன்.

“அப்ப நானு?” என்றார் தானியேல், பாவமாக.

“பின்சீட்டு வேணாம்னு கயட்டிப் போட்ட இல்ல, கிடக்கட்டும். அதுமேல குந்திக்கினு பாரு. எனக்கு முன்சீட்டே போதும்.”